இரண்டரை மில்லிமீட்டரில் ஒரு கோடு

வைரம் என்றதும் ஆளாளுக்கு வாயைப் பிளப்பார்கள். என்னைக் கேட்டால் அது கரி. அடுப்புக்கரி, பென்சில் முனை, வைரம் எல்லாம் ஒரே கார்பன்தான். அணுக்கள் கைகோத்து நிற்கிற விதம்தான் வேறு. பென்சிலில் அவை ஏடு ஏடாக அடுக்கியிருக்கும், தேய்த்தால் வழுக்கிக்கொண்டு வரும். வைரத்தில் ஒவ்வொரு அணுவும் பக்கத்திலிருக்கிற நாலு பேரைப் பிடித்துக்கொண்டு, விடவே மாட்டேன் என்று நிற்கும். இவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் இத்தனை ஆர்ப்பாட்டம்.

பூமிக்கு அடியில் நூற்றைம்பது கிலோமீட்டர் ஆழத்தில், மேலே இருக்கிற பாறையெல்லாம் போட்டு அழுத்த, கொதிக்கிற சூட்டில் வைரம் உண்டாகிறது. பிறகு என்றைக்கோ ஒரு எரிமலை அதை வெளியே துப்பவேண்டும். நூறு கோடி வருஷம், இருநூறு கோடி வருஷம் என்று கணக்கு. எங்கள் கம்பெனிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. எங்களுக்கு இருபத்தைந்து நாள் போதும்.

கீழ்த்தளத்தில் பன்னிரண்டு மெஷின்கள். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஒரு தட்டு, தட்டில் நகத்தைவிட மெல்லிய பதினாறு வைரச் சில்லுகள். அதுதான் விதை. காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு, ஹைட்ரஜனும் மீத்தேனும் விட்டு, மைக்ரோவேவைப் போட்டால் உள்ளே ஊதா நிறத்தில் ஒரு பந்து எரியும். அந்தச் சூட்டில் மீத்தேன் உடைந்து கார்பன் அணு அணுவாக விதைமேல் இறங்கும். தப்பாக, பென்சில் கரியாக இறங்குகிறதை ஹைட்ரஜன் அரித்துத் தின்றுவிடும். ஒழுங்காகக் கைகோத்தது மட்டும் தங்கும். நூறு மணி நேரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். நடுவில் யாரும் எதையும் தொடக்கூடாது.

மேல்மாடியில் ஜன்னல் இல்லாத அறை என்னுடையது. வளர்ந்து, வெட்டி, சுத்தமாகி வருகிற கல்லையெல்லாம் நான்தான் பார்ப்பேன். பதினாலு வருஷமாகப் பார்க்கிறேன். புற ஊதா விளக்கில் வைத்தால் கல் தன் வயிற்றில் இருக்கிறதையெல்லாம் கக்கிவிடும். எந்த நாள் எரிவாயு கூடியது, எந்த நாள் சூடு குறைந்தது, எல்லாம் அடுக்கு அடுக்காகத் தெரியும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறவள் என்று கம்பெனியில் எனக்குப் பெயர். முதுகுக்குப் பின்னால் ‘பூதக்கண்ணாடி’ என்று கூப்பிடுவார்கள். கூப்பிடட்டுமே. என் ரிப்போர்ட்டை இன்றுவரை ஒருத்தரும் தப்பென்று சொன்னதில்லை. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்றும் சொல்வார்கள். அதுவும் உண்மைதான்.

அன்றைக்குக் காலையில் ஏழாம் நம்பர் மெஷினின் தட்டு மேஜைக்கு வந்தது. முதல் கல்லை விளக்கில் வைத்தேன். நடுவில், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும், ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு எரிந்தது.

இரண்டாவது கல்லிலும் அதே கோடு. பதினாறிலும் அதே கோடு.

இந்தக் கோட்டுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். மெஷினை நிறுத்தி, மறுபடி போட்டிருக்கிறார்கள். நிற்கிற நேரத்தில் எங்கிருந்தாவது துளிக் காற்று கசியும். காற்றிலிருக்கிற நைட்ரஜன், மறுபடி போட்டதும் முதல் வேலையாகக் கல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அதன்மேல் எத்தனை கார்பன் இறங்கினாலும் அது போகாது. அந்தக் கல் இருக்கிறவரைக்கும் அந்தக் கோடும் இருக்கும்.

அடியிலிருந்து கோடு வரைக்கும் அளந்தேன். இரண்டரை மில்லிமீட்டர். அப்படியென்றால் இருநூற்றைம்பது மணி நேரம். தட்டோடு வந்த சீட்டில், மூன்றாம் தேதி காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்ததாக இருந்தது. விரல்விட்டு எண்ணினேன். பதின்மூன்றாம் தேதி பிற்பகல் மூன்று மணி. முன்னே பின்னே ஒரு மணி நேரம் இருக்கலாம்.

பதின்மூன்றாம் தேதி பிற்பகல் மூன்று பத்துக்கு என் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அந்த நேரத்தில் ஏழாம் நம்பர் மெஷினில் இருந்தவன் என் தம்பி.

அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். ஆறு வருஷமாகிறது. வாயே திறக்கமாட்டான். அடித்தாலும் பேசமாட்டான், அணைத்தாலும் பேசமாட்டான். சின்ன வயதிலிருந்தே அவனை ‘கல்லுளிமங்கன்’ என்றுதான் கூப்பிடுவேன். அம்மாவுக்கு மட்டும் அவன் சின்னவன். ‘சின்னவன் சாப்பிட்டானா, சின்னவன் வந்தானா’ என்று எப்போதும் அதே பாட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவனுடைய ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடிகிறது. இரண்டு இருபத்தைந்துக்கு டாக்டர் வந்து, சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள் என்றார். நான் உடனே அவனுக்குப் போன் போட்டேன்.

“அம்மாவுக்கு ரொம்ப முடியலடா. உடனே கிளம்பி வா.”

“மாத்த வேண்டிய ஆளு இன்னும் வரலக்கா.”

“அதுக்கு?”

“ஓடுற மெஷினை விட்டுட்டு வரக்கூடாது. ஹைட்ரஜன் இருக்கு. நிறுத்தணும்னா மேனேஜர்கிட்ட கேக்கணும். அவர் போனை எடுக்கமாட்டேங்கிறாரு.”

“நிறுத்திட்டு வாடா!”

“எப்படிக்கா...” என்று இழுத்தான்.

“சரி, நீ அந்தக் கல்லையே கட்டிக்கிட்டு அழு” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அவன் சொன்னதில் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். அனுமதி இல்லாமல் மெஷினை நிறுத்தினால் அன்றைக்கே வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அந்த விதியின்படி இரண்டு பேருக்கு வேலை போனது என் ரிப்போர்ட்டால்தான். இருந்தாலும் அம்மா, அம்மா இல்லையா? பெற்றவள் கிடக்கிறாள், இவனுக்கு விதி பெரிதாகப் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் மருந்து வாங்க வெளியே போயிருந்தார். அம்மா கண்ணைத் திறந்தாள். குரலே இல்லை, உதடுதான் அசைந்தது. காதைக் கொண்டுபோய் வைத்தேன்.

“சின்னவன் வந்துட்டானா?”

இருந்த ஆத்திரத்தில் வார்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். “வரமாட்டான். அவனுக்குக் கல்லுதான் பெருசு. இனிமே வந்தாலும் நான் உள்ள விடப்போறதில்ல.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு திறக்கவில்லை.

தம்பி ஆறரை மணிக்கு வந்தான். ஆஸ்பத்திரி வாசலில், அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால், “இப்ப எதுக்கு வந்தே?” என்று கேட்டேன். அதுதான் நான் அவனிடம் கடைசியாகப் பேசியது. நாற்பத்திரண்டு நாள் ஆகிறது. ஒரே கட்டடம், நான் மேலே, அவன் கீழே. படியில் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிடுவான். நான் தாண்டிப் போய்விடுவேன். அம்மா கடைசியாக அவனைத்தான் கேட்டாள் என்பதை நான் ஒருத்தரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட. ஒரு நாள் அவன் முகத்துக்கு நேராகச் சொல்வதற்கென்று பத்திரமாக வைத்திருந்தேன்.

இப்போது இந்தக் கோடு. அம்மாவுக்காக நிறுத்த முடியாத மெஷினை இவன் எதற்காக நிறுத்தினான்? டீ குடிக்கப் போனானா? வெளியே யாரோடாவது நின்று கதையடித்தானா? நிறுத்த முடியாது என்று என்னிடம் சொல்லிவிட்டு, அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் தன் வசதிக்கு நிறுத்தியிருக்கிறான். அப்படித்தானே அர்த்தம்? வேறு என்ன?

கீழே போய் ஏழாம் நம்பர் பதிவேட்டை எடுத்தேன். அரை மணிக்கு ஒருமுறை அழுத்தம், சூடு, வாயு எல்லாம் கையால் எழுதவேண்டும். பதின்மூன்றாம் தேதியைப் புரட்டினேன். இரண்டரை மணிக்கு எழுதின எண்களும் மூன்று மணிக்கு எழுதின எண்களும் கடைசிப் புள்ளி வரைக்கும் ஒன்றாக இருந்தன. எந்த மெஷினும் அரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் அதே எண்ணில் நிற்காது. பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பார்த்து எழுதியிருக்கிறான் திருடன். பொய் எழுதக்கூடத் துப்பில்லை.

அவன் ஏழாம் நம்பரின் கண்ணாடித் துளைக்குள் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். ஊதா வெளிச்சம் கன்னத்தில் விழுந்திருந்தது. இளைத்துப்போயிருந்தான். அவன் பெண்டாட்டிக்கு இது ஏழாம் மாதம். இந்த வேலை போனால் என்ன செய்வான் என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றட்டும், அவன் செய்த வேலைக்கு அவனே பதில் சொல்லட்டும்.

பதிவேட்டை அவன் முன்னால் விரித்து, அந்த வரியில் விரலை வைத்தேன்.

“இது என்ன?”

பார்த்தான். கண்ணை அந்த வரியிலிருந்து எடுக்கவில்லை.

“பதினாறு கல்லுலயும் கோடு. மெஷினை நிறுத்தியிருக்கே. எவ்வளவு நேரம்?”

“நாப்பது நிமிஷம்.”

“எங்கே போனே?”

அவன் கண்ணாடித் துளைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“வாயில என்ன கொழுக்கட்டையா? நான் கூப்பிட்டப்போ நிறுத்த முடியாதுன்னே. அப்புறம் எவனுக்காக நிறுத்தினே? இன்னைக்கு நான் இதை எழுதப்போறேன், தெரியுமில்ல? நாளைக்கு உனக்கு இங்கே வேலை இருக்காது.”

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சா சொல்லித் தொலை!”

அவன் கையுறையைக் கழற்றினான். விரல் விரலாக மெதுவாகக் கழற்றினான். எனக்கு அறைந்துவிடலாம் போலிருந்தது.

“ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தேன்.”

“எப்போ? ஆறரைக்கு வந்தியே, அதுவா?”

“இல்ல. நீ போனை வெச்சதும் நிறுத்திட்டு ஸ்கூட்டரை எடுத்துட்டு வந்தேன். இரண்டே முக்கால், இரண்டு அம்பது இருக்கும். மாடி ஏறி வார்டு வாசல் வரைக்கும் வந்துட்டேன். பச்சைத் திரை போட்டிருந்ததே, அதுக்கு இந்தப் பக்கம் நின்னேன். செருப்பைக் கழட்டிட்டு இருந்தேன்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பக்கத்தில் இருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“நீ சொன்னது கேட்டுச்சு” என்றான். “வந்தாலும் உள்ள விடமாட்டேன்னு சொன்னே. நீ சொன்னா செய்வே. அம்மா அந்த நிலையில படுத்திருக்கும்போது, அவங்க கண்ணு முன்னாடி நீயும் நானும் கத்திக்கிட்டு நிக்கணுமான்னு நினைச்சேன். சாயங்காலம் உன் கோபம் கொஞ்சம் ஆறினதும் வரலாம்னு திரும்பிட்டேன். சாயங்காலம் வரைக்கும் இருப்பாங்கன்னு நினைச்சேன்க்கா.”

கையுறையை மடித்து மெஷின்மேல் வைத்தான்.

“வந்து மெஷினை மறுபடி போட்டேன். ஒரு ரெண்டு நிமிஷம் இருக்கும், மாமா போன் பண்ணி, போயிட்டாங்கன்னாரு. மாத்துற ஆளு வந்து நான் கிளம்ப ஆறு மணி ஆயிடுச்சு.” மாமா என்று அவன் சொன்னது என் வீட்டுக்காரரை.

நான் கணக்குப் பார்த்தேன். எனக்கு அதுதானே தொழில். இரண்டு ஐம்பதுக்கு அவன் திரைக்கு அந்தப் பக்கம். மூன்று பத்துக்கு அம்மா போனாள். நடுவில் முழுசாக இருபது நிமிஷம். திரைக்கும் கட்டிலுக்கும் ஆறு அடி இருக்கும்.

“இத்தனை நாள் ஏன்டா சொல்லல? அத்தனை பேர் முன்னாடி உன்னைக் கேவலமாப் பேசினேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னா, மெஷினை நிறுத்தினேன்னு உனக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சா நீ எழுதாம இருக்கமாட்டே. எழுதினா வேலை போயிடும். அப்புறம் தம்பி வேலை நம்மளால போச்சேன்னு உனக்கும் கஷ்டம். எதுக்குன்னு விட்டுட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி, “கோடு தெரியும்னு தெரியும். ஆனா சில தடவை ரொம்ப மங்கலா வரும்பாங்க, தப்பிச்சுடலாம்னு ஒரு நப்பாசை” என்றான்.

அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதேயில்லை.

பிறகு அவன் கேட்டான். தரையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டான்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். அப்ப அதை நீ யார்கிட்ட சொன்னே?”

“எதை?”

“வரமாட்டான், கல்லுதான் பெருசுன்னு. அம்மா ஏதாவது கேட்டாங்களா? என்னைக் கேட்டாங்களா? எனக்கு உன் குரல் மட்டும்தான் கேட்டுச்சு. நாப்பது நாளா அதைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன். அம்மா கேட்டு, நீ அப்படிச் சொல்லி, அவங்க அதைக் கேட்டுட்டே போயிருந்தா... நான் வாசல்லயே நின்னேனே.”

அவனிடம் வீசி எறிவதற்கென்று வைத்திருந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது. கீழே இறங்கி வரும்போதுகூட அதைச் சொல்லிவிட்டுத்தான் ரிப்போர்ட் எழுதுவது என்று இருந்தேன். ‘ஆமாம், உன்னைத்தான் கேட்டாள். வரமாட்டான் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள்.’ மூன்றே வரி. அத்தனையும் உண்மை.

“நர்ஸ்கிட்ட சொன்னேன்டா” என்றேன். “வேற யாரும் வரணுமான்னு அவங்க கேட்டாங்க. அந்த எரிச்சல்ல சொன்னேன். அம்மாவுக்கு அப்போ நினைவே இல்ல. மத்தியானத்துலேருந்து தூங்கிக்கிட்டேதான் இருந்தாங்க. அப்படியே தூக்கத்துலேயே போயிட்டாங்க.”

“நிஜமாவா?”

“நான் என்னைக்குடா பொய் சொல்லியிருக்கேன்?”

அவன் என் முகத்தைப் பார்த்தான். இந்த ஊரிலேயே பொய் சொல்லத் தெரியாத ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். பிறகு மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதான். “அப்பாடா” என்று சொல்லிச் சொல்லி அழுதான். “அப்பாடா, அப்பாடா... போதும்க்கா. இது போதும். நீ எழுதிக்கோ. வேலை போனாப் போகட்டும், பார்த்துக்கலாம்.”

அவன் முதுகில் கை வைத்தேன். சட்டைக்குள் எலும்பு தட்டியது. எனக்கு அழுகை வரவில்லை. நான் அழுதால் அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும் என்ற பயம்தான் இருந்தது. பாவி, நான்தான் அவனை விரட்டியிருக்கிறேன். வாசல் வரைக்கும் வந்தவனை அம்மாவுக்குக் காட்டாமலே அவளை அனுப்பியிருக்கிறேன். எல்லாம் ஒரே ஒரு வாய்ச் சொல்லால்.

“அழாதே. கருவியைப் பாரு, அழுத்தம் ஏறுது” என்றேன். ஏறவில்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான்.

“சாயங்காலம் வீட்டுக்கு வா. அவளையும் கூட்டிக்கிட்டு வா.”

“சரிக்கா.”

மேலே போனேன். பதினாறு கல்லும் மேஜையில் அப்படியே இருந்தன. விளக்கைப் போட்டுக் கடைசியாக ஒருமுறை பார்த்தேன். கோட்டுக்குக் கீழே இருநூற்றைம்பது மணி நேரம், மேலே முந்நூற்றைம்பது மணி நேரம். கோடு தலைமுடி அளவு இருந்தது. அவன் மாடி ஏறி, செருப்பைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு இறங்கிப்போன நேரம் அது.

படிவத்தை எடுத்தேன். ‘வளர்ச்சியில் தடை: உண்டு. இடம்: 2.5 மி.மீ.’ அடுத்தது ‘காரணம்’. பதினாலு வருஷமாக அந்தக் கட்டத்தில் நான் பார்த்ததைத் தவிர வேறு எதையும் எழுதினதில்லை. அந்த வாரத்தில் இரண்டு முறை மின்சாரம் போனது எல்லாருக்கும் தெரியும்; ஜெனரேட்டர் ஏழாம் நம்பருக்கு மட்டும் கைகொடுக்கவில்லை என்றால் யாரும் மறுக்கப்போவதில்லை. மெஷினுக்குள் இருக்கிற பதிவு பதினைந்து நாளில் தானாகவே அழிந்துவிடும்; கையால் எழுதுகிற பதிவேட்டை என்னைத் தவிர யாரும் புரட்டுவதில்லை. இனி அந்த நாற்பது நிமிஷத்தைப் பற்றி யாராவது கேட்டால் என்னைத்தான் கேட்கவேண்டும். ‘மின்தடை, நாற்பது நிமிடம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழே சொல்லிவிட்டு வந்ததற்குப் பக்கத்தில் இதெல்லாம் ஒரு பொய்யா?

மேனேஜர் அறைக்குக் கொண்டுபோனேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். பேனாவைத் தேடி எடுத்து, எங்கே கையெழுத்து என்று கண்ணாலேயே கேட்டார். காட்டினேன்.

“படிக்கலையா சார்?”

போனைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். “நீங்க எழுதினதைப் படிச்சு வேற பார்க்கணுமாம்மா?”

கையெழுத்தைப் போட்டுவிட்டுத் திரும்பவும் போனில் பேச ஆரம்பித்தார்.

சாயங்காலம் அவனும் அவன் பெண்டாட்டியும் வந்தார்கள். என் வீட்டுக்காரரிடம், அன்றைக்கு அவன் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தான், என் வாய்க்குப் பயந்து திரும்பிவிட்டான் என்று அவனை வைத்துக்கொண்டே சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. தம்பி சாப்பிட்டான், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நாற்பது நாளில் இன்றைக்குத்தான் இப்படிச் சாப்பிடுகிறார் என்று அவன் பெண்டாட்டி சொன்னாள்.

அம்மா கடைசியாக அவனைக் கேட்டது எனக்கு மட்டும்தான் தெரியும். இனி அதை யாரிடமும் சொல்ல முடியாது.